பட்டினி போட்டால் அடங்குமா?

“ஒரு ஸ்பூன்தானேன்னு நீ சொல்றே, அந்த ஒரு ஸ்பூன்தாம்மா—”

“ஒரு ஸ்பூன் இல்லடி, அரை—”

“அரையோ முக்காலோ! சர்க்கரைதான் அதுக்குத் தீனி. எத்தனை தடவை உன் போனுக்கு அனுப்பியிருக்கேன், படிச்சியா?”

“உங்கப்பாவுக்கு வாயெல்லாம் புண்ணு. வெறும் பாலை வாயில வச்சா மூஞ்சி போற போக்கை நீ பாக்கறியா? பாக்கறது நான்தானே—”

“மூஞ்சி கோணினாப் பரவாயில்லம்மா, ஆளு இருக்கணும்!”

“ஆளு இருக்கணும்னா வயித்துல ஏதாவது இருக்கணும்டி!”

இரண்டு பேரும் ஒரே டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பால் தளும்பி, தையல்காரம்மாவின் மணிக்கட்டில் வழிந்து, மிஷின் மேல் கிடந்த பள்ளிச் சீருடைக் காலரைப் பார்த்துப் புறப்பட்டது. அதைக் கண்டுதான் மகள் கையை விட்டாள். அடுத்தவர் துணி என்றால் அந்த வீட்டில் சண்டைக்குக்கூட ஓய்வு உண்டு.

‘அது’ என்றால் எது என்று இங்கே யாரும் கேட்பதில்லை. தையல்காரம்மாவின் கணவர் புறாக்காரரின் குடலிலிருந்து அதை வெட்டியெடுத்து நான்கு மாதம் ஆகிறது. வெட்டிய பிறகும் எங்காவது ஒரு துணுக்கு ஒளிந்திருந்தால்? அதற்காக மூன்று வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் மருந்து ஏற்றுகிறார்கள். முதல் இரண்டு முறை தையல்காரம்மா கூடப் போனாள். மூன்றாவதன்று சீருடைத் தையல் அவசரம். மகள் அழைத்துப் போனாள். போய்விட்டு வந்த மனிதர் ஒரு வாரம் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை.

இன்றைக்கு நான்காவது. பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும்.

“சாயங்காலம் கூண்டுக்காரர் வர்றார்,” என்றாள் மகள், குரலைத் தாழ்த்தி. “எல்லாப் புறாவையும் ஒரே நடையா எடுத்துக்கறேன்னு சொல்லிட்டார். அப்பாகிட்ட இப்போ வாயத் திறக்காதே.”

“அவருக்குத் தெரியாமலா?”

“ரத்தத்துல எதிர்ப்புச் சக்தி குறைஞ்சிருக்குன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? எச்சத்துக்கு நடுவுல உக்காந்திருக்காரு. நீதானே முப்பத்தஞ்சு வருஷமா அதுங்களைச் சக்களத்தின்னு திட்டறே? இப்போ ஒழிச்சுக்கட்டறேன்னா ஏன் முழிக்கிறே?”

ஏன் முழிக்கிறோம் என்று தையல்காரம்மாவுக்கே தெரியவில்லை. கல்யாணமான முதல் வருஷம் இரண்டு சக்களத்திகள் கூடையில் வந்து இறங்கினார்கள். இன்றைக்கு முப்பத்திரண்டு பேர். காயப்போட்ட துணியில் அவர்கள் கைங்கரியம் இல்லாத நாள் கிடையாது. போய்த் தொலையட்டும் என்றுதான் நினைத்தாள். நினைத்துக்கொண்டே டம்ளரில் அரை ஸ்பூன் சர்க்கரையைப் போட்டு, மகள் திரும்புவதற்குள் கலக்கி, மாடிப்படி ஏறினாள்.

மேலே டப்பா குலுங்கும் சத்தம் கேட்டது.

புறாக்காரர் வேலை பார்த்த காலமெல்லாம் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் தொங்கிவிட்டு, வந்ததும் வராததுமாக ஆகாயத்தைப் பார்க்க மாடிக்கு ஓடுவார். ஓய்வு பெற்ற பிறகு ஆகாயம் முழுநேர வேலையாயிற்று. தெருவில் அவர் பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. புறாக்காரர் என்றால் வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள்.

தானிய டப்பாவை இரண்டு குலுக்குக் குலுக்கினால் போதும், வானத்தில் எந்த மூலையில் இருந்தாலும் முப்பத்திரண்டும் கல் விழுகிற மாதிரி வந்து விழும். அதில்தான் அவருக்குப் பெருமை. இன்றைக்கு ஐந்து நிமிஷமாகக் குலுக்குகிறார். எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி மேல் வரிசையாக உட்கார்ந்துகொண்டு, கல்யாண வீட்டில் பந்தி முடித்தவர்கள் மாதிரி அவை வேடிக்கை பார்த்தன.

“என்னங்க, உங்க ராணிங்க காது கேக்காத மாதிரி நடிக்கறாளுங்க?”

“வெயில்,” என்றார்.

“காலையில எட்டு மணிக்கா?”

அவர் பேச்சை மாற்றினார். “அந்த நீலக் கோட்டு எங்கே? அங்க ஏ.சி. குளிரு தாங்கல.”

“எடுத்து வச்சிருக்கேன். இதைக் குடிங்க முதல்ல.”

“வை. ஆறட்டும்.”

வைத்தாள். அவர் இடுப்பைப் பார்த்தாள். முப்பத்தாறாக இருந்த இடுப்பு. ஆபரேஷனுக்குப் பிறகு முப்பத்துநாலாகப் பிடித்தாள், அப்புறம் முப்பத்திரண்டு. போன வாரம் பிடித்தது முப்பத்தொன்று. அதுவும் இன்றைக்குப் பெல்ட்டில் சுருங்கி நின்றது. ஆனால் ஆஸ்பத்திரித் தராசு இரண்டாவது முறையும் அறுபத்தொரு கிலோ, மூன்றாவது முறையும் அதே அறுபத்தொன்று என்றுதான் எழுதியிருந்தது. டேப் ஒன்று சொல்கிறது, தராசு ஒன்று சொல்கிறது. நாற்பது வருஷமாக டேப்போடு குடித்தனம் செய்தவள் அவள். இருந்தாலும் ஆஸ்பத்திரிச் சாமான் பெரிய சாமான், அது தப்பாக இருக்காது என்று தன் டேப்பைத்தான் சந்தேகப்பட்டாள். பழசாகி இழுபட்டிருக்கும் என்று புதுசுகூட வாங்கினாள்.

சாப்பாட்டிலும் குறையில்லையே! மருந்து ஏற்றிய பிறகு கீழே சமையல் வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று தட்டை மாடிக்கு எடுத்துப்போய்க் காற்றாடச் சாப்பிடுகிறார். கஞ்சியானாலும் ரொட்டியானாலும், வேகவைத்த பருப்பானாலும் கடலையானாலும், தட்டு கழுவினாற்போலத் திரும்பி வருகிறது. அந்தத் தட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் ராத்திரி தூங்கினாள்.

---

காரில் முன்னால் அப்பா, பின்னால் அம்மா. மகள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை பார்க்கிறாள். வண்டியும் பள்ளி வண்டிதான். கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. இன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தவர் புறாக்காரர்.

“அப்பா, கால அந்தப் பக்கம் வையுங்க. அதைத் தொடக்கூடாது.”

“நான் எங்கே தொட்டேன்?”

சிக்னல் தாண்டி நான்கைந்து தெருப்புறாக்கள் சாலையில் எதையோ கொத்திக்கொண்டிருந்தன. கார் கிறீச்சென்று நின்றது. பின்னால் வந்தவர் ஹாரனிலேயே வைதார்.

“அப்பா!”

“நான் இல்ல. என் கால்.”

தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று எட்டிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டுதான் இருந்தார். கன்னத்தில் சிரிப்புக்கு இடம் போதவில்லை.

“டிரைவர் அம்மா கோவிச்சுக்காதீங்க,” என்றார் மகளைப் பார்த்து. “என் கூலியில பிடிச்சுக்கங்க.”

கண்ணாடியில் மகளின் கண் அப்பாவின் கோட்டின் மேல் ஒரு முறை போய்த் திரும்பியதைத் தையல்காரம்மா கவனித்தாள். குளிருக்குப் போதுமா என்று பார்க்கிறாள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

அந்தக் கோட்டு அவள் தைத்ததுதான். தானியம் அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று கேட்டதால், பை இரண்டையும் முழங்கை வரை போகிற ஆழத்துக்கு வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரி லிஃப்டில் ஏறியதும் காதைச் சுவரில் வைத்தார். “உருளைக்கு எண்ணெய் போடலை. மூணாவது மாடியில இடிக்கும் பார்,” என்றார். மூன்றாவது மாடியில் இடித்தது. அவர் முகத்தில் பழைய வெளிச்சம் ஒரு வினாடி வந்து போயிற்று.

எடை பார்க்கும் அறையில் பதிவாக இருக்கும் நர்ஸைக் காணோம். அன்றைக்குப் புது ஆள். ஏ.சி. வேலை செய்யவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்து, அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்கய்யா.”

ஏறினார். சிவப்பு எண் ஓடி நின்றது. அறுபத்தொன்று.

“நல்லது. மூணு தடவையா அப்படியே நிக்குது,” என்று எழுதப் போனவள், நிமிர்ந்தாள். “இந்த வெக்கையில என்னங்கய்யா கோட்டு? கழட்டிட்டு நில்லுங்க, சரியா எழுதிக்கறேன்.”

“குளிருது.”

“அவருக்குக் குளிரும் சிஸ்டர்,” என்றாள் மகள், கொஞ்சம் அவசரமாக. “மருந்து ஏத்தினதுலேருந்து எப்பவும் குளிரும்.”

“நெத்தியில வேர்க்குதேம்மா.”

நிஜமாகவே வேர்த்தது. மூக்கு நுனியில் ஒரு துளி நின்றது. தையல்காரம்மா தன் வழக்கப்படி முன்னால் போய், கழுத்துப் பக்கம் பிடித்துக் கோட்டைத் தோளிலிருந்து இறக்கினாள். ஒரு நாளைக்கு இருபது பேருக்குப் போட்டுக் கழற்றிப் பார்க்கிற கை. துணி எடை அந்தக் கைக்குத் தெரியும்.

இது துணி எடை இல்லை.

பைக்குள் கையை விட்டாள். குளிர்ந்த இரும்பு தட்டுப்பட்டது. அடுத்த பையிலும் அதே குளிர்ச்சி. வெளியே எடுக்காமலே அவளுக்குத் தெரிந்தது. துணி வெட்டும்போது நகராமல் இருக்க மேஜையில் வைக்கும் அவளுடைய இரும்புக் கட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு கிலோ. ஒரு மாசமாக இரண்டைக் காணோம், போன வாரம் இன்னும் இரண்டைக் காணோம். தன் மறதியைத் தானே திட்டிக்கொண்டு, பழைய இஸ்திரிப் பெட்டியை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தாள்.

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ தடவை தானியத்துக்கு வீட்டுச் செலவுக் காசை எடுத்துவிட்டு முழித்த அதே முழி இல்லை இது. ‘சொல்லிடாதே’ என்று கெஞ்சுகிற கண்.

சொன்னால் என்ன ஆகும்? முதல் நாளே டாக்டர் சொல்லியிருந்தார்: எடை இறங்கிக்கொண்டே போனால் மருந்தை நிறுத்தவேண்டி வரும், உடம்பு தாங்காது. மருந்து நின்றால் ஒளிந்திருக்கும் துணுக்கு என்ன செய்யும்? சொல்லாவிட்டால்? அறுபத்தொரு கிலோ ஆளுக்கு அளந்த மருந்து இந்த உடம்புக்குள் போகும். போன தடவை போயிற்று. ஒரு வாரம் அவர் கண் திறக்கவில்லை.

கோட்டைப் போட்டுவிடலாம். ஒரு நிமிஷ வேலை.

டங், டங் என்று நான்கு கட்டிகளையும் நர்ஸின் மேஜையில் வைத்தாள்.

“இது என் வெட்டு மேஜைச் சாமான்மா. இதையும் சேத்துத்தான் நீங்க எடை போட்டிருக்கீங்க. இப்போ ஏறச் சொல்லுங்க.”

மகள் தரையைப் பார்த்தாள். புறாக்காரர் ஏறினார். சிவப்பு எண் தயங்கித் தயங்கி இறங்கி நின்றது.

ஐம்பத்தாறு.

---

அன்றைக்கு மருந்து இல்லை என்றார் டாக்டர். திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார். “ஒரு வாரம் பொறுத்து வாங்க. எடை இதுக்குக் கீழே இறங்கக்கூடாது, ரத்தமும் தேறணும். அப்பத்தான் நாலாவது. மருந்து அளவையும் புதுசா போடணும்,” என்றார். இரும்புக் கட்டிகளை ஒரு தரம் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, உணவு ஆலோசகரிடம் சீட்டெழுதி அனுப்பினார்.

உணவு ஆலோசகர் சின்னப் பெண். மேஜை மேல் பிளாஸ்டிக்கில் செய்த முட்டை, மீன், பழம் எல்லாம் தட்டில் அடுக்கி வைத்திருந்தாள். புறாக்காரர் பிளாஸ்டிக் முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாப்பாடு எங்கே போகுதுங்க ஐயா?”

“புறாவுக்கு,” என்றாள் தையல்காரம்மா. அவளுக்கு அந்த நிமிஷம்தான் எல்லாம் ஒன்று சேர்ந்தது. தண்ணீர்த் தொட்டி மேல் பந்தி முடித்து உட்கார்ந்திருந்த முப்பத்திரண்டு பேர். “கழுவின மாதிரி தட்டு! நான் ஒரு மடச்சி, பூரிச்சுப் போனேன்.”

“வாயில புண்ணா? குமட்டுதா?”

“அதெல்லாம் உண்டு,” என்றார் புறாக்காரர். “ஆனா அதனால இல்ல.”

“பின்னே?”

அவர் பேச ஆரம்பித்தார். புறா விஷயம் என்றால் அவருக்குக் கூச்சம் கிடையாது.

“பந்தயத்துக்கு விடற பறவைக்கு வயிறு நெறையத் தீனி போடமாட்டோம்மா. வயிறு நெறஞ்ச புறா எவன் மாடியிலயும் உக்காரும். அரைப் பட்டினியில இருந்தாத்தான் சொன்னதைக் கேக்கும். முப்பத்தஞ்சு வருஷமா எனக்குத் தெரிஞ்ச வித்தை அது ஒண்ணுதான். இவ சொன்னா, சர்க்கரைதான் அதுக்குத் தீனின்னு.” மகளைக் காட்டினார். “சர்க்கரை மட்டும்தானா தீனி? சோறும்தான், பருப்பும்தான். நான் தின்னா அதுவும் திங்கும். அதைப் பட்டினி போட்டா அடங்கும்னு நினைச்சேன். எடை இறங்கினா ஊசியை நிறுத்திடுவாங்கன்னு சொன்னாங்க. ஊசியும் வேணும், பட்டினியும் வேணும். அதான்...” என்று கோட்டைத் தடவினார்.

மகளின் முகம் வெளிறிவிட்டது. “அப்பா, நான் சர்க்கரையைத்தானே...”

“நீ ஒண்ணும் தப்பாச் சொல்லலம்மா. நான்தான் மேல ரெண்டு படி ஏறிட்டேன்.”

உணவு ஆலோசகர் சிரிக்கவுமில்லை, அதட்டவுமில்லை. பேனாவை மூடிவைத்தாள்.

“எனக்குப் புறாவைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க ஐயா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். குஞ்சு வச்சிருக்கற புறாவுக்கும் அரைத் தீனிதானா?”

“பைத்தியமா? ரெண்டு பங்கு போடணும்! கழுத்துப் பையில பால் மாதிரி சுரக்கும். தன் உடம்பைக் கரைச்சுக் கரைச்சு ஊட்டும்.”

“நீங்க தீனி போடலைன்னா?”

“அப்பவும் ஊட்டும். குஞ்சு விடாதே. வாயைத் திறந்துக்கிட்டே இருக்கும். நெஞ்செலும்பு கத்தி மாதிரி தெரியற வரைக்கும் ஊட்டிட்டு...” சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார். கை தானாகத் தன் நெஞ்சுக்குப் போயிற்று. சட்டைக்கு மேலேயே எலும்பு தட்டுப்பட்டது.

வெளியே யாரோ யாரையோ டோக்கன் எண் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

“புற்றுநோயும் அப்படித்தாங்க ஐயா,” என்றாள் அந்தப் பெண். வீட்டில் யாரும் சொல்லாத சொல்லைச் சாதாரணமாகச் சொன்னாள். “நீங்க போடலைன்னா அது பட்டினி கிடக்காது. உங்க தொடையிலிருந்து, தோள்லேருந்து கரைச்சு எடுத்துக்கும். பட்டினி உங்களுக்குத்தான். சர்க்கரையை வாயில போடாட்டியும் உடம்பு தானே சர்க்கரை செஞ்சுக்கும், ஏன்னா மூளைக்கு வேணும், இதயத்துக்கு வேணும். அதுக்காகச் சர்க்கரையா அள்ளிச் சாப்பிடுங்கன்னு சொல்ல வரலை. பால் இறங்கறதுக்கு அரை ஸ்பூன் வேணும்னா, அந்த அரை ஸ்பூனைவிட அந்தப் பால் பெரிசு. மருந்து அதோட சண்டை போடறப்போ, அடி வாங்கிட்டு எழுந்து நிக்க உங்களுக்குத் தசை வேணுமா வேண்டாமா?”

தையல்காரம்மா மகளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஜெயித்த மாதிரி ஆகிவிடும். ஜெயிக்கிற நாளா இது?

அந்தப் பெண் எழுதிக் கொடுத்தாள். மூன்று வேளை வேண்டாம், ஆறு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. நன்றாக வெந்த முட்டை, பால், குழைந்த பருப்பு, மீன். கடலையை அரைத்துக் கஞ்சியில் கலக்கலாம். வாடை பிடிக்காவிட்டால் ஆறவைத்துச் சாப்பிடலாம். வாயில் இரும்பு ருசி அடித்தால் பிளாஸ்டிக் ஸ்பூன்.

“புறாவை என்ன பண்றது?” என்றாள் மகள். “அதுல நான் சொன்னது சரிதானே?”

“அதுல சரி. கூண்டு சுத்தம் பண்றது, எச்சத்தைத் தொடறது எல்லாம் ஐயாவுக்குக் கூடாது. வேற யாராவது மூக்கு வாய் மூடிக்கிட்டு, கையுறை போட்டு, தண்ணி தெளிச்சுத் தூசி பறக்காம பண்ணணும். அப்போ ஐயா பக்கத்துலயே இருக்கக்கூடாது. டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. தூர இருந்து வேடிக்கை பாக்கறதுக்கு நானாயிருந்தா தடை சொல்லமாட்டேன்.”

“வேற யாரு பண்ணுவா?” என்றார் புறாக்காரர். அந்தக் கேள்வியிலேயே பதில் தெரிந்துவிட்டது போலக் குரல் அடங்கியிருந்தது.

---

கூண்டுக்காரர் சொன்னபடி ஐந்து மணிக்கு வந்தார். சைக்கிள் வண்டியில் நான்கு பெரிய மூங்கில் கூடைகள். வாசலில் மகளும் அவரும் பேசிக்கொண்டிருந்தபோது தையல்காரம்மா உள்ளேயிருந்து வந்தாள். முகத்தில் முகக்கவசம், தலையில் துண்டு, கையில் மகள் கார் துடைக்க வைத்திருந்த ரப்பர் உறை.

“திருடன் வேஷமா அம்மா?”

“அண்ணே, நீங்க போயிட்டு வாங்க,” என்றாள் அவள் கூண்டுக்காரரிடம். “இன்னிக்கு இல்ல.”

“என்னிக்குன்னு சொன்னா...”

“என் வாயால கூப்பிட்டா வாங்க.”

அவர் கூடைகளோடு திரும்பிப் போனதும் மகள் பொங்கினாள். “அம்மா, உனக்கே அதுங்களைக் கண்டா ஆகாது! எதுக்கு இந்த வீம்பு?”

“என் சக்களத்திங்க. விரட்டறதுன்னா நான் விரட்டுவேன். நீ யாருடி நடுவுல?”

மாடியில், காற்றடிக்கும் பக்கமாக, கூண்டிலிருந்து பதினைந்து அடி தள்ளி அவருக்கு நாற்காலி போட்டாள். மடியில் தட்டு. உரித்த முட்டை ஒன்று, அரைத்த கடலை கலந்த கஞ்சி, பிளாஸ்டிக் ஸ்பூன்.

“நான் கூண்டுல ஒரு தட்டு சுரண்டறப்போ நீங்க ஒரு வாய். நீங்க நிறுத்தினா நானும் நிறுத்திடுவேன். உங்க ராணிங்க நாத்தத்துல கிடக்கட்டும்.”

“தண்ணி தெளிச்சியா?”

“தெளிச்சாச்சு.”

“அப்படிப் பலமா சுரண்டாதே, பலகை பிஞ்சுடும். மேல் தட்டுலேருந்து ஆரம்பி. கீழேருந்து போனா மறுபடி அழுக்காகும். லிஃப்ட் குழியும் அப்படித்தான்—”

“வாய்ல போடுங்க. பேச்சு அப்புறம்.”

போட்டார். மென்றார். விழுங்கும்போது தொண்டை ஏறி இறங்குவது பதினைந்து அடிக்கு இந்தப் பக்கமே தெரிந்தது. ஒரு வாய் விழுங்க அவருக்கு அவ்வளவு நேரம் பிடிப்பதை அவள் இன்றுதான் பார்க்கிறாள். இத்தனை நாளும் பார்த்தது தட்டைத்தான்.

“என்னய்யா புறாக்காரரே,” என்றாள் அவள், முகக்கவசத்துக்குள்ளிருந்து. “அழறீங்களா?”

“மிளகு தூக்கலா இருக்கு.”

“நான் மிளகே போடலை.”

முட்டை முழுசாகப் போயிற்று. கஞ்சி பாதி. மீதியை வைத்துவிட்டு, “இது புறாவுக்கு இல்ல. ஏழு மணிக்கு நானே குடிக்கிறேன்,” என்றார். எதிர்க் கட்டடத்துத் தொட்டியிலிருந்து ஒரே ஒரு பறவை மட்டும் எழும்பி, ஒரு வட்டம் அடித்து, இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்து, திரும்பத் தொட்டிக்கே போய்விட்டது.

“நாளைக்குப் பசிக்கும். வரும்,” என்றார் அவர். பிறகு, அவளைப் பார்க்காமல், “ஒரு வாரத்துல நிக்குமா?” என்று கேட்டார்.

“எது?”

“தராசு.”

“ஆறு வேளை. ஏழு நாள். எண்ணிக்கங்க,” என்றாள். அதற்கு மேல் தெரியாததை அவள் சொல்லவில்லை.

---

கீழே தொட்டி முற்றத்தில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று நர்ஸ் காட்டிய வரிசைப்படி. முதுகுக்குப் பின்னால் மகள் துண்டோடு வந்து நின்றாள். வெகுநேரமாக நிற்கிறாள் என்பது மூச்சிலேயே தெரிந்தது.

“சாப்பிட்டாரா?”

“முட்டை முழுசும்.”

“அந்த போன் மெசேஜ் எல்லாத்தையும் அழிச்சுட்டேம்மா.”

“சரி விடு. நல்லதுன்னு நினைச்சுத்தானே அனுப்பினே. நீ சர்க்கரையை நிறுத்தினே, நான் காலித் தட்டைப் பாத்துக் கண்ணை மூடிக்கிட்டேன். ஆளுக்குப் பாதி.” குழாயை மூடினாள். “எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் ஆறலை. அந்தக் கட்டியோட போன தடவையும் அந்த மனுஷன் தராசுல ஏறியிருக்கார். நான் ஒருத்தி கூடப் போயிருந்தா அன்னிக்கே பிடிச்சிருப்பேன். சீருடை பெரிசாப் போச்சு எனக்கு. பாழாப் போன சீருடை.”

துண்டுக்காகக் கையை நீட்டினாள். துண்டு வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். மகள் அதை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு நின்றாள்.

“அம்மா... போன தடவை ஊசி போடறதுக்கு முன்னாடி அந்தக் கோட்டைக் கழட்டி என் கையிலதான் கொடுத்தார். கனம் தெரிஞ்சுது. பைக்குள்ள கையை விட்டும் பாத்தேன். சொன்னா மருந்தை நிறுத்திடுவாங்களோன்னு பயந்து, நான் வாயைத் திறக்கலைம்மா.”